பயிர்தின்னிக்குச் செய்த சன்னம்

கியூபெக் கமக்காரருக்கு ஒரு நிரந்தரத் தலையிடி இருக்கிறது. ஆங்கிலத்தில் கிரவுண்ட்ஹொக், புத்தகப் பிரெஞ்சில் மார்மொத், நாட்டுப்புறத்துச் சனம் சொல்வது சிஃப்லோ. விசிலடிப்பவன் என்று அர்த்தம். பூனையை விடக் கொஞ்சம் பெரிய, கொழுத்த, மண்ணிற அணில் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். மூன்று நாலு கிலோ வரும். ஆபத்தென்று கண்டால் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று கீச்சென்று விசிலடிக்கும். மொன்றியல் மலையடியிலும் பூங்காக்களிலும் இவர் தாராளமாகத் திரிவதைக் கண்டிருப்பீர்கள், பிள்ளைகள் படம் எடுப்பார்கள். கமக்காரனுக்கு அது படமெடுக்கிற சாமான் இல்லை. சோயா, அவரை முளைகளை மொட்டையடிக்கும். அதைவிட மோசம் அது தோண்டும் வளைகள். மாட்டின் கால் போகும், உழவு இயந்திரத்தின் சில்லுப் போகும்.

எங்கள் குசினியில் வேலை செய்யும் கியூபெக் பெடியன் ஒருவன் விடுமுறை நாட்களில் தகப்பனின் பண்ணைக்குப் போகிறவன். இந்தச் சிஃப்லோக்களைச் சுட எந்த றைபிள், எந்தச் சன்னம் வாங்குவது என்று இரண்டு மாதமாக மண்டையைப் போட்டு உடைத்துக் கொண்டிருந்தான். வெங்காயம் உரிக்கும்போதும் அந்தக் கதை, சட்டி கழுவும்போதும் அந்தக் கதை. நான் இலங்கைத் தமிழன் என்பதால் துவக்கு எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. (எனக்குத் தெரிந்தது துவக்கின் முன்பக்கம்தான் என்று சொல்லிச் சிரித்தேன். அவனுக்கு விளங்கவில்லை.) ஆனால் அவன் சொல்லச் சொல்ல, வீட்டுக்கு வந்து வாசிக்க வாசிக்க, இது வெறும் வேட்டைக் கதையில்லை என்று பட்டது. எங்களுக்கும் இந்த நகரத்துக்கும் நேரடியாகச் சம்பந்தமான ஒரு வரலாறு அதற்குள் கிடக்கிறது.

முதலில் அவனுடைய பிரச்சனையைச் சொல்கிறேன். சிஃப்லோ மிகவும் உசாரான பிராணி. கிட்டப் போக விடாது. நூறிலிருந்து முந்நூறு யார் தூரத்தில் நின்றுதான் சுட வேண்டும். அந்தத் தூரத்தில் தெரிவது ஒரு தேங்காயளவு இலக்கு. எல்லாரிடமும் இருக்கிற, 1887 ஆம் ஆண்டிலிருந்து விற்பனையாகிற, சின்ன .22 லோங் றைபிள் ரவை இதற்கு உதவாது. அதன் ஈயக் குண்டு 40 கிறெயின், அதாவது 2.6 கிராம். செக்கனுக்கு 350 மீற்றர் மட்டில் போகும். 50 யாருக்குக் குறி சரிசெய்த துவக்கால் 200 யாரில் சுட்டால் ஒரு மீற்றருக்கு மேல் கீழே விழும். அதோடு மெதுவாகப் போகும் ஈயக்குண்டு கல்லில் பட்டால் தெறித்துப் போய் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பண்ணையில் மாடும் மனிசரும் இருக்கினம்.

ஆகவே பாரம் குறைந்த, வேகம் கூடிய சன்னம் வேண்டும். .223 றெமிங்ரன் என்ற ரவையில் 55 கிறெயின் சன்னம், வெறும் மூன்றரைக் கிராம், செக்கனுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர் வேகத்தில் போகிறது. 200 யாருக்குக் குறி வைத்தால் நடுவழியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் எழும்பாது. தூரத்தை மட்டுக்கட்டுவதில் பிழை விட்டாலும் இலக்குத் தப்பாது. இன்னும் தூரம் வேண்டுமென்றால் 1965 இல் கடைக்கு வந்த .22-250. ஆனால் சத்தமும் கூட, குழல் தேய்மானமும் கூட, ரவைக்குக் காசும் கூட.

அதற்குப் பிறகு சன்னத்தின் செய்கை. இதற்கென்று விற்கிற சன்னங்களின் செப்பு உறை மிக மெல்லியது, நுனியில் ஒரு பிளாஸ்ரிக் கூர். எதில் பட்டாலும், மண்ணில் பட்டாலும்கூட, பொடிப்பொடியாகச் சிதறிவிடும். பிராணி அந்த இடத்திலேயே சாகும், தெறித்துப் போகிற ஆபத்தும் குறைவு. இராணுவத்துக்குச் செய்கிற முழு உறை போட்ட சன்னம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதை இதற்குப் பாவிக்கக் கூடாது. துளைத்துக் கொண்டு போகும், தெறிக்கும், பிராணி காயத்தோடு வளைக்குள் போய் மெல்ல மெல்லச் சாகும். குழலுக்குள் இருக்கும் திருகலையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் பாரம் குறைந்த சன்னத்துக்குச் சரி. ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது நீளமான, பாரமான இராணுவச் சன்னத்துக்கு. மெல்லிய சன்னம் அதில் சுழலும் வேகத்திலேயே ஆகாயத்தில் பிய்ந்து போகவும் கூடும். இயங்குமுறையைப் பொறுத்தவரை கையால் இழுத்துப் பூட்டுகிற போல்ற் றைபிள்தான் நல்லது. குறி துல்லியம், விலையும் மலிவு. ஒரு வெடிக்குப் பிறகு மிச்சச் சிஃப்லோ எல்லாம் வளைக்குள் போய்விடும். இரண்டாவது வெடிக்கு என்ன அவசரம்?

இந்த 'இரண்டாவது வெடிக்கு என்ன அவசரம்' என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

இனி வரலாறு. பயிர்தின்னிகளுக்கென்று தனியாக ரவை செய்கிற வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. 1930 இல் வின்செஸ்ரர் கொம்பனி .22 ஹோர்னெற் என்ற ரவையை விற்கத் தொடங்கியது. 1935 இல் .220 ஸ்விஃப்ற், செக்கனுக்கு 1200 மீற்றரைத் தாண்டியது. குழலைத் தின்னுகிறது என்று அதற்குப் பெயர் கெட்டது. 1950 இல் றெமிங்ரன் கொம்பனியின் மைக் வோக்கர் என்ற பொறியியலாளர் .222 றெமிங்ரன் என்பதை உருவாக்கினார். மட்டான சத்தம், மட்டான உதை, அபாரமான துல்லியம். கமக்காரரும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரரும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதுவரைக்கும் இது சிஃப்லோவின் கதை மட்டும்தான்.

1957 அளவில் அமெரிக்க இராணுவம் சின்னச் சன்னம் போடும் இலேசான றைபிள் ஒன்று கேட்டது. 500 யார் தூரத்தில் இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏன் சின்னச் சன்னம்? பாரம் குறைந்தால் ஒரு சிப்பாய் கூட ரவை சுமக்கலாம், உதை குறைந்தால் அடுக்கடுக்காகச் சுடலாம். ஆமலைற் கொம்பனியின் யூஜீன் ஸ்ரோனர் ஏ.ஆர்-15 ஐ வடிவமைத்தபோது ரவைக்காக எங்கேயும் தேடிப் போகவில்லை. சிஃப்லோ சுடுகிற .222 கையில் இருந்தது. அது 500 யாருக்குக் கொஞ்சம் போதாது என்று கண்டு அதன் கோதைச் சற்று நீட்டினார்கள். அதுதான் .223 றெமிங்ரன். இராணுவ உடுப்பில் அதற்குப் பெயர் 5.56 மி.மீ. ஏ.ஆர்-15 எம்-16 ஆகி வியட்நாமுக்குப் போனது. 1980 இல் நேட்டோ நாடுகளுக்கெல்லாம் 5.56 பொது ரவையாயிற்று. கனடா இராணுவத்தின் சி-7 உம் அதையே போடுகிறது.

எங்கள் காதுக்குப் பழகினது ரீ-56 இன் சத்தம். அது வேறு சாதி, எட்டுக் கிராம் சன்னம். 'இந்தியன் ஆமி' கொண்டு வந்த எஸ்.எல்.ஆர் அதைவிடப் பாரம். ஆனால் எண்பதுகளின் படங்களைப் பாருங்கள், இயக்கப் பெடியளின் தோளில் எம்-16 உம் தொங்கும். அதற்குள் இருந்தது அமெரிக்கக் கமக்காரன் மார்மொத் சுடக் கேட்டு வாங்கிய ரவையின் தம்பி. யாராவது அன்று இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

சிதறுகிற சன்னத்துக்கு வேறொரு பக்கக் கதையும் உண்டு, அது எங்கள் பக்கத்தில் நடந்தது. 1890களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில், பட்டவுடன் நுனி விரிகிற சன்னத்தை வெள்ளைக்காரன் செய்தான். இந்தியாவின் எல்லைப்புறப் பழங்குடிகளைச் சுட, வழமையான சன்னம் அவர்களை நிறுத்துவதில்லை என்பது அவன் சொன்ன நியாயம். ஐரோப்பாவில் மற்ற வல்லரசுகள் கூச்சல் போட்டு 1899 இல் ஹேக் பிரகடனத்தில் அதைப் போருக்குத் தடை செய்தன. இன்று நிலைமை எப்படியென்றால், மனிதனை விரிகிற சன்னத்தால் சுடுவது போர்ச் சட்டப்படி குற்றம், மிருகத்தை விரியாத சன்னத்தால் சுடுவது பல நாடுகளில் வேட்டைச் சட்டப்படி குற்றம். இரண்டுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான், தேவையில்லாத வேதனை கூடாதாம். எனக்கு இதை எத்தனை தரம் வாசித்தாலும் தலை சுற்றும்.

இப்போது மொன்றியலுக்கு வருகிறேன். 1989 மார்கழி 6. அந்த வருசம் நான் ஊரில் அரைக் காற்சட்டையோடு திரிந்தவன். ஆனால் அப்போதே கோட்-டெ-நேஜ் பகுதியில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அறை எடுத்து இருந்தார்கள். அவர்களுடைய வீட்டுக்கு மேலே, மலைச் சரிவில்தான் எக்கோல் பொலிதெக்னிக் என்ற பொறியியல் கல்லூரி. அன்று மாலை ஒருவன் உள்ளே போய், ஆண்களையும் பெண்களையும் வேறாக்கி நிற்கவைத்து, பெண்களைச் சுட்டான். 14 பெண்கள் செத்தார்கள். இன்னும் 14 பேர் காயம். பொறியியல் படிக்க வந்ததும் பெண்ணாகப் பிறந்ததும்தான் அவர்கள் செய்த பிழை. அந்த இரவு முழுக்க அம்புலன்ஸ் சத்தம் கேட்டதென்றும், 'இங்கையும் துவங்கிட்டுதோ' என்று யோசித்ததாகவும் அந்தக் காலத்து அண்ணன்மார் சொல்லுவினம். கொலைகாரனின் பெயரை நான் எழுதப் போவதில்லை.

அவன் கையில் இருந்தது றூகர் மினி-14. 223 ரவை போடும் பாதித் தானியங்கி. எழுபதுகளில் சந்தைக்கு வந்தது. பண்ணைக்காரனுக்கான, பயிர்தின்னி சுடுவதற்கான துவக்கு என்ற பெயர் அதற்கு. அவன் அதைச் சட்டப்படி, அனுமதிப் பத்திரம் காட்டி, இரண்டு கிழமைக்கு முன்னம் மொன்றியலில் ஒரு கடையில் வாங்கினான். எதற்கு என்று கேட்டதற்குச் சின்ன மிருகம் சுட என்றான்.

அதனால்தான் இரண்டாவது வெடியின் அவசரத்தை நினைவில் வைத்திருக்கச் சொன்னேன். சிஃப்லோவுக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு வெடி, இடையில் கையை எடுக்க வேண்டியதில்லை என்கிற வசதி வேறு யாருக்குத் தேவை? இதைச் சொன்னால் இங்குள்ள துவக்குச் சங்கக்காரர் சண்டைக்கு வருவார்கள். நல்ல பண்ணைக்காரன் எத்தனை பேர் அதை வைத்து ஒரு தீங்கும் செய்யாமல் வாழ்ந்தார்கள் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் போல்ற் றைபிளால் அந்தப் பண்ணைக்காரருக்கு என்ன குறைந்திருக்கும் என்பதற்கு இன்னும் ஒருவரும் எனக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

சட்டத்தின் கதை நீண்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். செத்த பிள்ளைகளின் குடும்பங்களும் தப்பிய மாணவர்களும் போராடிப் போராடி 1995 இல் சுடுகலன் சட்டம் வந்தது. றைபிள்களையும் பதிய வேண்டும் என்றாயிற்று. 2012 இல் ஹார்ப்பர் அரசாங்கம் அந்தப் பதிவேட்டை ஒழித்தது. கியூபெக் தன் பங்குத் தரவுகளையாவது தா என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2015 இல் ஐந்துக்கு நாலு என்று தோற்றது. பிறகு தனக்கென்று ஒரு பதிவேட்டை 2018 தை மாதம் தொடங்கியது. அந்த மினி-14 தடை செய்யப்பட்டது எப்போது தெரியுமா? 2020 மே 1. நோவா ஸ்கோசியாவில் 22 பேர் கொல்லப்பட்டதற்குப் பிறகு. பொலிதெக்னிக்கிலிருந்து 30 வருசத்துக்கு மேல். அன்று நாலு சன்னம் வாங்கித் தப்பிய நத்தலி புறொவோ 2025 தேர்தலில் வென்று பாராளுமன்றம் போயிருக்கிறார்.

எங்கள் குசினிப் பெடியனுக்கு இதொன்றும் கரைச்சலாகவில்லை. பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து பத்திரம் எடுத்து, போல்ற் .223 ஒன்று வாங்கிப் பதிந்து வைத்திருக்கிறான். ஆனால் கியூபெக் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உன் சொத்தை நாசமாக்குகிற மிருகத்தை விரட்டவோ தடுக்கவோ முடியுமென்றால் கொல்லக் கூடாது. முதலில் விரட்டிப் பார் என்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர்ப் பரணும் தகரமும்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்திலும் பயிர்தின்னிக்குத் துவக்கு என்பது புதிதல்ல. ஆனால் யார் கையில் எந்தத் துவக்கு என்பதில்தான் கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் யானையே பயிர்தின்னிப் பட்டியலில் இருந்தது. தலைக்குச் சில சிலிங் என்று அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. 1848 க்கு முந்திய மூன்று வருசத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டது என்று எமர்சன் ரெனன்ற் எழுதி வைத்திருக்கிறார். (அப்போது அனுராதபுரப் பக்கமும் வட மாகாணத்துக்குள்தான்.) மேஜர் றோஜர்ஸ் என்பவர் தனியாக ஆயிரத்துக்கு மேல் சுட்டவர். 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார், யானை சாபம் என்று சனம் கதைத்தது. நுவரெலியாவில் இருந்த சாமுவேல் பேக்கர் தன் பெரிய றைபிளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். துவக்கு 21 இறாத்தல், குண்டு நாலு அவுன்ஸ், அதாவது 113 கிராம். இன்றைய .223 சன்னம் முப்பதுக்கு மேல் போட்டால்தான் அந்த ஒரு குண்டின் நிறை வரும். அவருக்கு அது விளையாட்டு.

பயிர் வைத்திருந்த எங்கள் சனத்தின் கையில் இருந்தது இடியன் துவக்கு. வாயால் மருந்து கெட்டித்து, ஒரு வெடி வைத்து, மறுபடியும் கெட்டிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் அதிகாரியாக இருந்த லெனாட் வூல்வ் 1913 இல் எழுதிய நாவலில் வரும் சிலிந்து என்ற ஏழை வேட்டைக்காரன் கடைசியில் அதே துவக்கால் இரண்டு மனிதரைச் சுடுகிறான். மிருகத்துக்கு வாங்கிய துவக்கு மனிதன் பக்கம் திரும்புவது மொன்றியலில் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1916 இல் வந்த சுடுகலன் கட்டளைச் சட்டம் எல்லாத் துவக்குக்கும் அனுமதிப் பத்திரம் என்றது. பிறகு கச்சேரியில் பதிந்து, வருசாவருசம் புதுப்பித்து, பயிர் பாதுகாப்புக்கென்று 12 போர் சொட்கண் கொடுக்கும் முறை நிலைத்தது.

எங்கள் பெரியப்பாவிடம் அப்படி ஒன்று இருந்தது. ஒற்றைக்குழல். வன்னியில் எட்டு ஏக்கர் வயல், அதைச் சுற்றிக் காடு. நெல் குடலைப் பருவத்துக்கு வந்தால் பன்றி வாசம் பிடித்து இறங்கும். ஒரு இரவில் ஒரு கூட்டம் அரை ஏக்கரை உழுது போட்டுவிடும். தோட்டா தெரிவு அவருக்கு அத்துப்படி. பன்றிக்கு எஸ்.ஜி, உள்ளே எட்டு ஒன்பது பெரிய குண்டு. குரங்குக்கும் முயலுக்கும் நாலாம் நம்பர், பொடிக்குண்டு. 'முப்பது பாகத்துக்கு மேலை வெடி வைக்கிறது காசைக் காட்டிலை எறியிற மாதிரி' என்பாராம். பெரும்பாலும் ஆகாயத்தில் ஒன்று வைப்பதோடு சரி. தோட்டாவுக்குக் காசு வேண்டுமே! மிச்சமெல்லாம் தகரம், தீவெட்டி, வெருளி.

எண்பதுகளின் நடுவில் ஒரு இரவு பெடியள் வந்து 'ஐயா, நாட்டுக்குத் தேவை' என்று கேட்டு வாங்கிப் போனார்கள். எந்த இயக்கம் என்று பெரியப்பா கடைசி வரை சொல்லவில்லை. அப்போது கனக்க இயக்கங்கள் இருந்தன. ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்களாம். சில மாதத்தில் ஆமி பத்திரப் பட்டியலோடு வந்தது. 'துவக்கு எங்கே?' துண்டைக் காட்டினால் உதவி செய்தவன், காட்டாவிட்டால் ஒளித்தவன். முகாமில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வலது காதில் அதற்குப் பிறகு அவருக்குக் கேட்கவில்லை. அந்த வருச வெள்ளாண்மையைப் பன்றி தின்றது. இந்த மாதிரிக் கதை எங்களுக்கு மட்டுமென்றில்லை, வன்னியில் பல வீடுகளில் இருக்கும்.

துவக்கில்லாத கமக்காரன் சும்மா இருப்பானா? கட்டுத்துவக்கு கட்டுகிறான். ஒரு இரும்புக் குழாய், மருந்து, பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. பன்றியின் தோள் உயரத்துக்குக் கட்டினால் மனிதனின் முழங்கால் உயரம். விறகுக்குப் போனவனின், சில வேளை கட்டினவனின், கால்தான் போகும். அடுத்தது பூசணிக்காய்க்குள் வெடிமருந்து வைத்து எறிகிற 'ஹக்க பட்டாஸ்', அதாவது வாய்வெடி. பன்றிக்கு வைப்பதை யானைக்குட்டி தின்று, தாடை உடைந்து, கிழமைக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். இலங்கையில் 2023 ஒரே வருசத்தில் 400 க்கு மேல் யானைகள் செத்தன. வாய்வெடி, சட்டவிரோத மின்கம்பி, வெடி என்பவை அதில் பெரும் பங்கு. மூன்றரைக் கிராம் சன்னமும் பாதுகாப்பு வகுப்பும் கொடுக்காத இடத்தில் இதுதான் நடக்கும் என்று துவக்குக்காரர் சொல்வார்கள். இந்த ஒரு விசயத்தில் நான் அவர்கள் பக்கம். மனிசருக்கு எதிரான துவக்கையும் பயிர்க்காவல் துவக்கையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியதால் பூட்டியவனுக்கு நித்திரை வந்திருக்கும், கமக்காரனுக்கு வரவில்லை.

மற்ற இடங்களில் கொஞ்சம் அசைகிறார்கள். கேரளா 2022 இல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளூராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது, பத்திரம் உள்ள சூட்டாளர்தான் சுடலாம். தமிழ்நாடு 2025 தையில் காட்டெல்லையிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு வெளியே வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்றது. கமக்காரன் கையில் துவக்கைக் கொடுக்காமல் வேலையை முடிக்கிற வழி இவை. இலங்கையில் 2023 இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போகிறோம் என்று அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்து, வழக்கு வைத்து, கடைசியில் கைவிட்டார்கள்.

பிறகு 2025 பங்குனி 15, சனிக்கிழமை. காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, நாடு முழுக்க ஆட்கள் தங்கள் வளவிலும் வயலிலும் நின்று பயிரழிக்கும் பிராணிகளை எண்ணிப் பாரத்தில் எழுத வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. அன்றிரவு பெரியப்பாவின் மகனோடு கதைத்தேன். இப்போது அந்த எட்டு ஏக்கரும் அவனிடம்தான். துவக்குக்கு இரண்டு தரம் விண்ணப்பம் போட்டு அலுத்தவன். எண்ணினாயா என்று கேட்டேன்.

'எண்ணினனான் அண்ணை. கூரையிலை இருபத்திமூண்டு குரங்கு, வரம்பிலை நாலு மயில். எழுதிக் குடுத்திட்டன். பன்றியைத்தான் எழுதேல்லை, அது எட்டு மணிக்குக் காட்டுக்குள்ளை நித்திரை எல்லோ.'